கூடத்து விளக்கை யார் போடுவது

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடப்பதற்குள் காலணி ஊறிப்போனது. நாளெல்லாம் கிளினிக்கில் ஈரக் காலோடு. இருமல் மருந்து வாங்க மறந்தாயிற்று. சன்னலுக்கு வெளியே கம்பத்தில் காயப்போட்ட துணியும் நனைந்தது.

திரும்பி வரும்போது கீழேயிருந்தே தெரிந்தது. என் வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிகிறது. எதிர்வீடு, மேல்வீடு எல்லாவற்றிலும் சிங்கப்பூர்த் தேசிய தினக் கொடிகள் ஈரத்தில் தொங்குகின்றன. என் சன்னலில் மட்டும், உள்ளே யாரோ காத்திருப்பதுபோல் வெளிச்சம். உள்ளே யாரும் இல்லை. நான் ஒருத்திதான் அங்கே வசிப்பது, நானோ கீழே குடையோடு நிற்கிறேன்.

போன மாதக் கடைசியிலிருந்து இப்படி. அந்தி சாயும்போது எரிகிறது. இரவு தானாக அணைகிறது.

நடந்ததை எழுதி வைக்கிறேன். பிறகு எல்லாம் என் கற்பனை என்று நானே சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

ஜனவரியில் ம. பெட்டி கட்டிக்கொண்டு போனார். (பதினெட்டு வருடம் கணவராக இருந்தவர். முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை.) ஜூனில் விவாகரத்து முடிந்தது. வீடு என் பேருக்கு வந்தது. அன்று ஒரு செய்தி அனுப்பினார்: "என் போனிலிருந்து வீட்டை அழித்துவிட்டேன். இனி அது உன் வீடு." அதோடு அந்தியில் விளக்கைத் தானாகப் போடும் டைமர் நின்றது. கூடம் இருண்டது. எனக்கு அந்த இருட்டு பிடித்திருந்தது.

கூடத்திலும் படுக்கையறையிலும் இருப்பவை அவர் வாங்கிய விளக்குகள். வைஃபையில் இயங்குபவை. போனில் விரல் வைத்தால் எரியும். எந்த நாட்டில் இருந்துகொண்டு வைத்தாலும் எரியும். சுவரிலிருக்கும் சுவிட்சை யாரும் அணைத்துவிடக் கூடாதென்று அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டினார். "கரண்டு போனா அதுங்களுக்கு மூளை கலங்கிடும் வாணி." வருடக்கணக்காக என் வீட்டுச் சுவிட்சை நான் தொட்டதில்லை. அவர் போன பிறகும் தொடவில்லை. என் போனிலிருந்த செயலியை அவர் போன அன்றே அழித்தேன். மேசை விளக்கு ஒன்று வாங்கினேன். அதுவும் சமையலறைக் குழல்விளக்குமாகக் காலம் ஓடுகிறது.

ஆக, அழித்துவிட்டேன் என்றது பொய்.

வீட்டு முகவர் ஷர்மிளாவிடமிருந்து செய்தி: "அக்கா, எப்ப வந்து பாக்கலாம்?" இன்னும் பதில் போடவில்லை. விற்க மனமில்லை. இப்படி இருக்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். காலணி காய்ந்தது, நாற்றம் போகவில்லை.

கிளினிக்கில் ஹமீது பாய். சில மாதம் முன்பு புதுக் காதுக்கருவி பொருத்தினோம். போனோடு இணைகிற வகை. அவரிடம் பழைய போன்தான், அதனால் மனைவியின் போனில் இணைத்திருக்கிறார்கள்.

"என்ன பாய், சரியாக் கேக்கலையா?"

"நல்லாக் கேக்குதும்மா. அதான் வெவகாரம். அவ தங்கச்சி போன் பண்ணுனா என் காதுல பேசுது."

முன்மேசையில் இருக்கும் நூர்ஜஹான் கைவேலையை விட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். "என்ன பேசுறாங்க பாய்?"

"என்னப் பத்தித்தான் லா. வேற என்ன."

இணைப்பை எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். மனிதர் காதைப் பொத்திக்கொண்டார். "இருங்க இருங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த ரெண்டு பேரும் என்ன பேசுறாளுங்கன்னு எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வர்றேன், அப்ப எடுங்க."

நூர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள். நானும் சிரித்தேன். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லி எடுத்தேன். கோபித்துக்கொண்டு போனார்.

ரயிலில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மாள் சமையலறையில் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார். தன் வீடு, தன் போன், தன் தங்கை என்று நம்பி.

வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

தலைவலி. கஞ்சி.

கூடத்தில் நான் செய்யாமல் விட்டவை:
– பாடுவது
– துண்டோடு நடப்பது
– காலை நீட்டி சோபாவில் படுப்பது
– அக்காவிடம் போனில் அவரைப் பற்றிப் பேசுவது (சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறேன்)
– அழுவது

கூடத்தில் கேமரா இல்லை. எனக்குத் தெரியும். வாசல் மணியோடு இருந்த கேமராவை ஜனவரியிலேயே கழற்றித் தூக்கிப் போட்டேன். பேசும் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். கதவுப் பூட்டின் எண்ணை மாற்றினேன். படித்தவள், விஞ்ஞானப் பட்டம் வாங்கியவள். ஒரு விளக்குக்குக் கண் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறேன்.

அவர் கையை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதும் இல்லை. நான் போன் எடுக்காவிட்டால் அலுவலகத்தில் இருந்தபடியே கூடத்து விளக்கை அணைத்துப் போடுவார். போனை எடு என்று அர்த்தம். விருந்தினர் இருந்தாலும் அணையும், எரியும். "மணி கூப்பிடுறாரு போல" என்று அவர்களே சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே போனைத் தேடுவேன். ஏசியின் குளிர்ச்சியை அங்கிருந்தே குறைப்பார். மதியம் வீட்டுக்கு யார் வந்தது என்று சாயங்காலம் அவரே சொல்வார். இதையெல்லாம் வெளியில் சொன்னால் விளக்கை அணைத்ததற்காகவா விவாகரத்து என்பார்கள். சொன்னார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆடிக் கடைசி வெள்ளி. வேலை முடிந்து ஃபேரர் பார்க்கிலிருந்து தேக்கா சந்தை வரை நடந்தேன். மல்லிகைச்சரம், வெற்றிலை, அரைக்கிலோ வெண்டைக்காய். கோயிலுக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவு கூட்டம். வெளியே நின்றே கும்பிட்டேன். பக்கத்தில் ஒரு பெண் போனில், "அம்மனுக்கு வீடியோ கால் போடாத, மொதல்ல கூழ வாங்கு!" யாரைத் திட்டினாளோ.

வீட்டில் விளக்கு கண்ணைக் கூசவைத்தது. மற்ற நாட்களைவிடப் பிரகாசம். போன வெள்ளியும் இப்படித்தான், இன்று கவனித்துப் பார்த்தேன். என்ன சொல்ல வருகிறார்? வெள்ளிக்கிழமைதான் நாங்கள் வெளியில் சாப்பிடப் போவோம். அதை நினைவுபடுத்துகிறாரா? ஞாயிற்றுக்கிழமை அணைப்பதே இல்லை, விடிய விடிய எரிகிறது. அன்று கோபமா, குடியா?

பூவை சாமி படத்துக்குப் போட்டுவிட்டுக் கொஞ்சம் துணிச்சல் வந்து கூடத்திலேயே உட்கார்ந்தேன். மடியில் புத்தகம். ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டேன்.

விளக்கு அணைந்தது. உடனே எரிந்தது.

கை தானாகப் போனைத் தேடியது. அழைப்பு எதுவும் இல்லை. இத்தனை மாதம் கழித்தும் என் கை தேடுகிறது. அந்த நேரம் அவரைவிட என் கையின்மேல்தான் அதிக ஆத்திரம்.

"என்ன வேண்டும் உங்களுக்கு?" என்று அவருக்கு எழுதினேன். அனுப்பவில்லை. ஷர்மிளாவுக்கு அனுப்பினேன்: நாளைக்கு வாருங்கள்.

ஆகஸ்ட் 16, சனி

ஷர்மிளா வந்தார். முப்பது வயதிருக்கும். உயரமான செருப்பு, கையில் அளக்கும் கருவி, வாயில் சூயிங்கம். வந்ததும் சன்னலைத் திறந்தார்.

"அக்கா! காத்து செம்ம லா. கடல் வாசம் வருது. இத ஏன் விக்கிறீங்க?"

"வேலைக்குத் தூரமா இருக்கு."

"எல்லாருக்கும் தூரந்தான். சரி விடுங்க, என் வாயால நானே கெடுத்துக்கக் கூடாது." சுவிட்சுகளைப் பார்த்தார். "இது என்ன டேப்பு?"

சொன்னேன்.

"ஓ, ஸ்மார்ட் ஹோம்! அத விளம்பரத்துல மொத வரியா போட்டுடலாம். இப்ப எல்லாரும் அதான் கேக்குறாங்க. போன்லயே வீட்ட ஆட்டி வைக்கலாம்னு."

ஆட்டி வைக்கலாம். சரியான வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு படம் எடுக்க ஆள் வருகிறார். அன்றே கையெழுத்து.

சாயங்காலம் சன்னலோரம் வெகுநேரம். இந்த வீட்டுக்காகத்தான் இத்தனை இழுபறி. அவர் பங்கை என் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். தோற்றுப் போகிறேனோ? வெண்டைக்காய் வாடுகிறது. பொரியல் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று இரவு முழுதும் கூடத்தில் விளக்கு. கதவிடுக்கில் வெளிச்சம் வராமல் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்தேன்.

மதியச் சாப்பாட்டில் நூரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது. பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தவள் பிரித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"போலீசுக்குப் போகலாம் அக்கா."

"என்னன்னு சொல்றது? வெளக்கு எரியுதுன்னா?"

"வைஃபைய மாத்துங்க."

"இணையத்த அவர்தான் போட்டது. எது எதோட ஒட்டியிருக்குன்னே எனக்குத் தெரியாது. பூட்டு நின்னு போச்சுன்னா வெளியில நிக்கணும்."

யோசித்தாள். எலும்பைக் கடித்தாள். பிறகு, "சொவத்துல சுவிட்சு இருக்கா இல்லையா?"

"இருக்கு. டேப் ஒட்டி..."

"கிழிங்க அக்கா."

"ம்?"

"டேப்பக் கிழிச்சு சுவிட்ச அமுக்குங்க. கரண்டு இல்லாம எந்த ஆப்பு வெளக்க எரிய வைக்கும்? அந்த மனுசன் மந்திரவாதியா?"

ஒரு மேசை விளக்கு வாங்கத் தெரிந்த எனக்கு, சுவிட்சை அணைக்கலாம் என்று தோன்றவே இல்லை. தோன்றாமல் போகும் அளவுக்குப் பழகியிருக்கிறேன்.

"மூளை கலங்கிடும்னு சொல்வாரு," என்றேன்.

"யாருக்கு?" என்றாள் நூர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அரைநாள் விடுப்பு. வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தேன்.

டேப் எளிதில் வரவில்லை. வெயிலில் காய்ந்து சுவிட்சோடு சேர்ந்து போயிருந்தது. நகம் உடைந்தது. கத்தி முனையால் நெம்பினேன். ஒரு பக்கம் முழுதாக உரிந்தது, மறுபக்கம் இழை இழையாக. பசை ஒட்டிய பிளாஸ்டிக்கில் வருடங்களின் தூசி. படுக்கையறைச் சுவிட்சிலும் கிழித்தேன். இரண்டையும் அமுக்கினேன். "டக்" என்றது. அந்தச் சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

பிறகு சோபாவில் உட்கார்ந்து காத்திருந்தேன். எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒவ்வொன்றாக விளக்குகள் எரிய ஆரம்பித்தன. வானம் சாம்பலாகி, நீலமாகி, கறுத்தது. என் கூடத்தில் எதுவும் எரியவில்லை.

போன் அடித்தது.

அவர்தான் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் "அத்தை". ம.வின் அம்மா. ஜனவரிக்குப் பிறகு நாங்கள் பேசியதில்லை. பேசலாமா கூடாதா என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவை வைத்துப் பேச வைக்கிறாரா? எடுத்தேன்.

"வாணி? நான்தான். வச்சிடாத."

"சொல்லுங்க அத்தை."

"ஒடம்பு எதுவும் சரியில்லையாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"வீட்டுல வெளக்கு எரிய மாட்டேங்குது. நானும் அமுக்குறேன், அமுக்குறேன், சாம்பக் கலர்லயே கெடக்கு. கரண்டு ட்ரிப் ஆயிடுச்சா? ஒனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

எரியாத விளக்கை நிமிர்ந்து பார்த்தேன்.

"அத்தை, வெளக்கு போடுறது நீங்களா?"

"வேற யாரு?" என்றார். ஏதோ நான் கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. "நீங்க ரெண்டு பேரும் மெட்ராஸ் போனப்ப மணி என் போன்லயும் அந்த ஆப்பப் போட்டுக் குடுத்தான்ல? அந்தில போடும்மான்னு. ஜூன்ல எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னான். நானும் விட்டுட்டேன். ஆடில ஒரு நாளு சும்மா தொறந்து பாத்தா வீடு அப்படியே இருக்கு. வெளக்கு அணைஞ்சு கெடக்கு. வெளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டாக் கெடக்கலாமா? நீ வேலைலேர்ந்து எப்ப வருவியோ. மனசு கேக்கல, போட்டுட்டேன்."

"வெள்ளிக்கிழமை..."

"வெள்ளிக்கிழமைன்னா நல்லாப் பளிச்சுன்னு வைப்பேன். அதுல ஒரு கோடு இருக்குல்ல, மேல தள்ளுனா கூடும். போன வெள்ளி கை தவறி அணைச்சிட்டேன். ஒடனே போட்டுட்டேன், நீ பாத்திருக்க மாட்ட."

"பாத்தேன் அத்தை."

"சீரியல் முடிஞ்சதும் நானே அணைச்சிடுவேன். ஞாயித்துக்கெழம சீரியல் கெடையாது, சீக்கிரம் தூங்கிடுவேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா எரிஞ்சுக்கிட்டு இருக்கும். கரண்டு பில்லு கூட வந்துச்சாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை. சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை போலும். "வாணி, வாணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அவருக்குத் தெரியுமா அத்தை?"

"மணிக்கா? அவன் எங்க, மெல்பர்ன்ல புது வேலை, புது வீடு. அம்மாவுக்குப் போன் பண்ணவே அவனுக்கு நேரமில்ல. இதுல ஒன் வீட்டு வெளக்கத்தான் பாக்கப் போறானாக்கும்."

வெகு நேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சீரியலின் நேரத்தை வைத்து ம.வின் கோபத்தை அளந்திருக்கிறேன்.

ம. சொன்னது உண்மை. அழித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் பழியில்லை என்று எழுதும்போது மனம் லேசாகிறது. அவருக்காக இல்லை. எனக்காக.

ஆகஸ்ட் 20, புதன்

அலாரம் அடித்தது காதில் விழவில்லை. நல்ல தூக்கம். தாமதமாகப் போய், நூரின் மேசையில் கோப்பியும் கறிப்பஃப்பும் வைத்தேன்.

"என்னக்கா, மந்திரவாதி மாட்டுனாரா?"

"மந்திரவாதி இல்ல. அவங்க அம்மா."

கதையைக் கேட்டு முடித்தவள், "எங்க மாமியாருக்கு மட்டும் இந்த ஆப்பக் காட்டிடாதீங்க, அவ்வளவுதான்," என்றாள்.

இன்று கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

விற்கவில்லை என்று ஷர்மிளாவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஏனோ உறுதியாகச் சொல்ல வரவில்லை. ம. பார்க்கவில்லை, சரி. ஆனால் இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் உண்மை. அன்போடு. அன்போடு என்றால் பரவாயில்லையா? ம.வும் அப்படித்தான் ஆரம்பித்தார். நான் நனைந்து வருவேன் என்று வெந்நீர் ஹீட்டர் போட்டு வைத்தார்.

ஆகஸ்ட் 23, சனி

அத்தையைப் பார்த்தேன். சிராங்கூனிலிருந்து பேருந்தில் வந்தார். ஃபேரர் பார்க் பக்கம் சைவ உணவகம். நெய்த்தோசை அவருக்கு, எனக்கு ஊத்தப்பம். இளைத்திருக்கிறார். நீலச் சேலை, நான் வாங்கிக் கொடுத்ததுதான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கொஞ்ச நேரம் சட்னியைப் பற்றிப் பேசினோம். பிறகு நான் சொன்னேன். விளக்கு அணைந்து அணைந்து எரியும் கதை, போன் தேடும் கதை, சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துப் பேசியது. அவர் மகனைப் பற்றி அவரிடமே சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்தபடி கேட்டார். தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார், சாப்பிடவில்லை.

"அவங்க அப்பாவும் இதே ஜாதிதான்," என்றார். "கடையிலேர்ந்து ஆள் அனுப்பிப் பாப்பாரு, நான் வாசல்ல நிக்கிறேனான்னு. அந்தக் காலத்துல இந்த போனெல்லாம் இல்ல. இருந்திருந்தா நான் செத்தேன்."

பிறகு பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "இந்தா. எடுத்துடு."

திறந்து பார்த்தேன். "பாசிர் ரிஸ் வீடு" என்று நான் இருக்கும் பேட்டையின் பெயர். கீழே இரண்டு சின்ன வட்டங்கள், கூடம், படுக்கையறை. சுவிட்சை அணைத்திருப்பதால் இரண்டும் சாம்பல். அவ்வளவுதான். இத்தனை நாள் என்னைப் பார்த்தது இவ்வளவுதான். இரண்டு வட்டம். அதில் நான் எங்குமே இல்லை. நான் பாடினேனா, அழுதேனா, எதை உடுத்திக்கொண்டு நடந்தேன், எதுவும் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே ஊத்தப்பத்தை ஆறவிட்டேன்.

"நான் ஒன்னப் பாக்கலம்மா," என்றார் அத்தை. "வெளக்கத்தான் பாத்தேன்."

"தெரியும் அத்தை."

"எடுத்துட்டா அந்தில யாரு போடுவா?"

"நான் போடுவேன்."

"நீ வர்றதே லேட்டு."

"வந்து போடுறேன்."

"வர்ற வரைக்கும்?"

"இருட்டா இருக்கட்டும் அத்தை. நானே இல்லாத வீடு, இருட்டா இருந்தா என்ன?"

பிடிக்கவில்லை அவருக்கு. உதட்டைச் சுழித்தார். வீட்டுக்குள் லட்சுமி தடுக்கி விழுவாள் என்றுகூடச் சொல்லியிருப்பார், அடக்கிக்கொண்டார். இரக்கப்பட்டு, சரி, இருக்கட்டும் என்று நானே சொல்லிவிடுவேனோ என்று ஒரு கணம் பயந்தேன். சொல்லவில்லை.

"நீக்கவா?" என்று திரை கேட்டது. நான் அமுக்கப் போனேன். போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நானே அமுக்குறேன். நீ அமுக்குனா நீ என்னத் தொரத்துன மாதிரி இருக்கும்."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரே அமுக்கு. வட்டங்கள் போயின.

"இனிமே எப்படி இருக்கன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

"போன் பண்ணிக் கேளுங்க."

"பண்ணலாமா?"

"பண்ணலாம் அத்தை. நான் எடுக்காட்டி வேலையா இருக்கேன்னு அர்த்தம். திருப்பிக் கூப்பிடுவேன்."

பேருந்து நிறுத்தம் வரை கைபிடித்து நடந்தார். அவருக்குப் பிடிமானத்துக்கா, எனக்கா தெரியவில்லை. நல்ல வெயில். வழியில் கத்தரிக்காய் வாங்கி எனக்கும் பாதி பிரித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலேயே ஷர்மிளாவுக்குப் போன்.

"விக்கல. மன்னிச்சிடுங்க."

"ஐயோ அக்கா, படம் எடுக்குற ஆள் கெளம்பிட்டாரு!" பிறகு, "சரி லா. அந்தக் காத்துக்கு நானா இருந்தாலும் விக்க மாட்டேன். தங்கச்சி, சித்தி யாராவது வித்தா என் நம்பரக் குடுங்க."

புளோக் கீழே மின்சாமான் கடை. கடைக்காரச் சீன அங்கிள் விளக்கைச் சோதித்துக் காட்டிவிட்டு எச்சரித்தார்: "திஸ் ஒன் நோ வைஃபை ஆ." அதுதான் வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நூர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பழைய விளக்குகளைக் கழற்றினேன். முதலில் மாற்றியது கூடம். சுவிட்சைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்து, நானும் அவளும் மாற்றி மாற்றி. டக் டக் டக். எதிர்வீட்டு மலாய் அம்மா, எங்களுக்கு மக்சிக், வாசலுக்கு வந்து, "வாணி, லைட் ரோசாக் கா?" என்று விசாரித்தார். கெட்டுப் போகவில்லை, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நூர் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஒரு பாடு விளக்கினாள். மக்சிக் உள்ளே போய் ஒரு தட்டு குவே பலகாரம் கொண்டுவந்தார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

பெருக்கும் இயந்திரத்தை என்ன செய்வது? அதுவும் அவர் வாங்கியது. இருக்கட்டும். அதன் தலையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் பெருக்குகிறது. அவ்வளவு போதும்.

சுவிட்சில் பசை இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் போகும் என்கிறாள் நூர்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை இல்லை, ஆனால் புழுக்கம். ஹமீது பாயின் மனைவி கிளினிக்குக்கு வந்தார், தனக்கும் காதுக்கருவி வேண்டுமாம். "அவருக்கு என்ன கேக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?" நூர் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தேக்காவில் அரிசி மாவு, வெல்லம், தேங்காய். நாளை பிள்ளையார் சதுர்த்தி. ஒருத்திக்காகக் கொழுக்கட்டையா என்று இருந்தது, வாங்கிவிட்டேன்.

கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தேன். என் சன்னல் இருட்டு. மற்ற வீடுகளுக்கு நடுவில் ஒரு கறுப்புக் கட்டம். நேரே மேலே போய், பையை வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தேன். டைல்ஸ் குளிர்ச்சி. காற்று வந்தது. எங்கோ பூண்டு வதக்குகிறார்கள். வாய்க்கு வந்த பாட்டை முணுமுணுத்தேன், பிறகு கொஞ்சம் சத்தமாகவே.

அத்தை கூப்பிட்டார்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் அத்தை."

"மாவு வாங்குனியா? வெல்லம் பாகு முத்தவிடாத." பிறகு, எனக்குத் தெரியும் அடுத்தது என்னவென்று. "வெளக்கு வச்சிட்டியாம்மா?"

கும்மிருட்டில் என் கால்விரல்கூட எனக்குத் தெரியவில்லை.

"வச்சிட்டேன் அத்தை," என்றேன்.

"நல்லது," என்றார். சந்தோஷமாக வைத்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுதுவதற்காகத்தான் இப்போது எழுந்து விளக்கைப் போட்டேன்.